எதிரே வரும் படகுக்கு யார் வழிவிடுவது?
நீர்வழிகளில் மோதலைத் தவிர்க்கும் விதிகள்: குடும்பங்களுக்கான ஒரு பாடம்



பாலாறு வருடத்தின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஊர்க்காரர்கள் நாம். 2021 நவம்பரில் அது இரு கரையும் தொட்டு ஓடியதை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றால், ஓடும் தண்ணீர் நமக்கு எவ்வளவு அரிது என்பது விளங்கும். ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ திருப்பத்தூரிலோ வளரும் பிள்ளைக்குத் தேசிய நெடுஞ்சாலையை எப்படிக் கடப்பது, லாரிக்கு எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பது சின்ன வயதிலேயே தெரிந்துவிடும். படகு அப்படியல்ல. வருடத்தில் ஒரு நாள், பெருநாள் விடுமுறையிலோ பள்ளி விடுமுறையிலோ, ஏலகிரியின் புங்கனூர் ஏரியில், ஒகேனக்கல் பரிசலில், தேக்கடியில், ஆலப்புழையில், கன்னியாகுமரியில் ஏறுகிறோம். டிக்கெட் எடுத்தோம், ஏறினோம், போட்டோ பிடித்தோம், இறங்கினோம் என்று முடிந்துவிடுகிறது.

தண்ணீரிலும் சாலையைப் போலவே விதிகள் உண்டு. எந்தப் பக்கம் போவது, யார் ஒதுங்குவது, யார் தன் வழியே போவது, எத்தனை ஹாரன் அடித்தால் என்ன பொருள், இரவில் எந்த நிற விளக்கு எந்தப் பக்கம் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. படகை ஓட்டுவது நம் வேலை அல்ல. ஆனால் ஏறி உட்காருவது நம் பிள்ளைகள். ஓட்டுபவர் விதிப்படி ஓட்டுகிறாரா என்று பார்க்கும் அளவுக்காவது நாம் அறிந்திருக்க வேண்டும். அதற்காகவே இந்தப் பாடம்.

நடந்தவை நான்கு

முதலாவது நம் நாட்டு ஆற்றில் நடந்தது. 2021 செப்டம்பர் 8 அன்று அஸ்ஸாமில், ஜோர்ஹாட் அருகே பிரம்மபுத்திரா நதியின் நிமாதி படகுத்துறைப் பகுதியில், மாஜுலித் தீவை நோக்கிக் கிளம்பிய ‘மா கமலா’ என்ற தனியார் படகும், மாஜுலியிலிருந்து வந்துகொண்டிருந்த ‘திப்காய்’ என்ற அரசுப் படகும் மோதிக்கொண்டன. தனியார் படகு கவிழ்ந்தது. அதில் சுமார் 90 பேர் இருந்ததாகச் சொல்லப்பட்டது. பெரும்பாலானோர் மீட்கப்பட்டனர், சிலர் உயிரிழந்தனர். அதன் பிறகு, ஒற்றை எஞ்சினில் ஓடும் தனியார் பயணிகள் படகுகளுக்கு அஸ்ஸாம் அரசு தடை விதித்தது. பட்டப்பகலில், தினமும் போய்வருகிற வழியில், இரண்டு பக்கமும் அனுபவசாலிகள் இருக்கும்போதே இப்படி நடந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது மும்பைத் துறைமுகம். 2024 டிசம்பர் 18 அன்று மாலை, கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபண்டா தீவுக்குச் சென்ற ‘நீல்கமல்’ பயணிகள் படகின் மீது, எஞ்சின் சோதனையில் இருந்த கடற்படையின் விரைவுப் படகு கட்டுப்பாடிழந்து மோதியது. 15 பேர் இறந்தனர். பயணிகள் படகில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். பயணிகளில் பலர் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை என்று அப்போது செய்திகள் கூறின.

மூன்றாவது டாக்கா. 2020 ஜூன் 29 அன்று காலை புரிகங்கா ஆற்றில் ‘மயூர்-2’ என்ற பெரிய லாஞ்ச், ‘மார்னிங் பேர்ட்’ என்ற சிறிய லாஞ்சின் மீது மோதி அதைக் கணநேரத்தில் மூழ்கடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கரை சேர்வதற்குக் கொஞ்ச தூரமே இருந்தது.

நான்காவது ஹங்கேரி நாட்டின் தலைநகர் புடாபெஸ்ட். 2019 மே 29 இரவு, மழையில், டான்யூப் நதியில் ஒரு பாலத்தின் அருகே, 135 மீட்டர் நீளமுள்ள ‘வைக்கிங் சிகின்’ என்ற சொகுசுக் கப்பல், 35 பேருடன் சென்ற ‘ஹாப்லியான்’ என்ற சிறிய சுற்றுலாப் படகைப் பின்னாலிருந்து வந்து இடித்தது. சில நொடிகளில் சிறிய படகு மூழ்கியது. தப்பியவர்கள் 7 பேர் மட்டுமே. பெரிய கப்பலின் கேப்டனுக்கு 2023-இல் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது.

இந்த நான்கிலும் புயல் இல்லை, பாறை இல்லை, ஆழ்கடல் இல்லை. ஒரே தண்ணீரை இரண்டு படகுகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. விதிகள் பிறந்ததே இந்தப் பங்கீட்டுக்காகத்தான்.

விதிகள் எங்கிருந்து வந்தன

இன்று உலகம் முழுவதும் கப்பல்கள் பின்பற்றுவது 1972-இல் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கையின் விதிகள். அவை 1977 ஜூலை 15 முதல் நடைமுறையில் உள்ளன. ஆறு, ஏரி, கால்வாய் போன்ற உள்நாட்டு நீர்நிலைகளுக்கு ஒவ்வொரு நாடும் தனி விதி செய்துகொள்ளலாம்; ஆனால் அது சர்வதேச விதிக்கு இயன்றவரை நெருக்கமாக இருக்க வேண்டும் என்று அந்த உடன்படிக்கையே சொல்கிறது. காரணம் எளிது. கடலில் ஒரு விதியும் ஆற்றில் அதற்கு நேர்மாறான விதியும் இருந்தால், முகத்துவாரத்தில் சந்திக்கும் இரண்டு படகுகளின் கதி என்ன?

நம் நாட்டில் தேசிய நீர்வழிகளுக்கென மோதல் தடுப்பு ஒழுங்குமுறை 2002-இல் வந்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் 111 தேசிய நீர்வழிகள் இருக்கின்றன. சென்னை வழியே போகும் பக்கிங்ஹாம் கால்வாயும் அவற்றில் ஒன்றின் பகுதி. ஆங்கிலேயர் காலத்து 1917-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கப்பல் சட்டத்தை நீக்கிவிட்டு, 2021-இல் நாடாளுமன்றம் புதிய உள்நாட்டுக் கப்பல்கள் சட்டத்தை நிறைவேற்றியது. பதிவு, தகுதிச் சோதனை, ஓட்டுநரின் தகுதிச் சான்று, காப்பீடு, விளக்கு, ஒலிச் சைகை, உயிர்காப்புச் சாதனம் ஆகிய எல்லாம் அதில் வருகின்றன. நிமாதி மோதல் நடந்தது அந்தச் சட்டம் நிறைவேறிச் சில வாரங்களில்தான். சட்டப் புத்தகத்தில் இருப்பது துறைக்கு வந்து சேர அதைக் கேட்கும் மக்களும் வேண்டும்.

படிக்க வேண்டிய எட்டு விதிகள்

1. பார்த்துக்கொண்டே இரு, கேட்டுக்கொண்டே இரு. கண்ணாலும் காதாலும் எல்லாத் திசையையும் எப்போதும் கவனிக்க வேண்டும். 1989 ஆகஸ்ட் 20 அதிகாலையில் லண்டன் தேம்ஸ் நதியில் ‘மார்ஷியனெஸ்’ என்ற விருந்துப் படகை ‘போபெல்’ என்ற மணல் வாரும் கப்பல் மோதி 51 பேர் இறந்தனர். இரண்டு பக்கமும் சரியான கண்காணிப்பு இல்லை என்பதே விசாரணையில் வெளிவந்த பெரிய குறை. பின்னால் வருவதை முன்னவர் பார்க்கவில்லை. முன்னால் இருப்பதைப் பின்னவர் பார்க்கவில்லை. படகோட்டி கையில் போன் வைத்துப் பேசிக்கொண்டே ஓட்டினால், இந்த முதல் விதியே அங்கே முறிந்துபோகிறது.

2. நிறுத்த முடிகிற வேகத்தில் போ. படகுக்கு பிரேக் கிடையாது. எஞ்சினைப் பின்னோக்கிச் சுழற்றித்தான் நிறுத்த வேண்டும்; அப்படிச் சுழற்றும்போது சுக்கானின் பிடியும் தளரும். ஆகவே மழை, மூடுபனி, இருட்டு, நெரிசல், வளைவு ஆகியவற்றைப் பார்த்து வேகத்தை முடிவு செய்ய வேண்டும். வேகமாகப் போகும் படகு எழுப்பும் அலை மட்டுமே சிறிய வள்ளத்தைக் கவிழ்க்கப் போதும்.

3. மோதல் வருமா என்று முன்கூட்டியே அறி. இது பயணியும் செய்து பார்க்கக்கூடிய சோதனை. நீங்கள் இடத்தை விட்டு அசையாமல் உட்கார்ந்து, தூரத்தில் வரும் படகை நம் படகின் கைப்பிடிக் கம்பி ஒன்றோடு சேர்த்துப் பாருங்கள். நேரம் போகப் போக அது கம்பியின் முன்பக்கமோ பின்பக்கமோ நகர்ந்தால், பொதுவாக அது நம்மைத் தாண்டிப் போய்விடும். அதே கம்பியோடு ஒட்டியபடியே பெரிதாகிக்கொண்டு வந்தால் இரண்டும் ஒரே புள்ளியை நோக்கிப் போகின்றன என்று பொருள். சந்தேகம் இருந்தால் ஆபத்து இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்பது விதி.

4. நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்புறம் திரும்பு. நம் சாலையில் இடப்பக்கம் போகிறோம், தண்ணீரில் வலப்பக்கம். எஞ்சின் படகுகள் இரண்டு எதிரெதிரே வந்தால், ஒவ்வொன்றும் தன் வலப்புறம் ஒதுங்கி, ஒன்றின் இடப்பக்கம் மற்றதன் இடப்பக்கத்தைப் பார்க்கும்படி கடந்து போக வேண்டும். 1878 செப்டம்பர் 3 அன்று தேம்ஸ் நதியில் ‘பிரின்சஸ் ஆலிஸ்’ என்ற உல்லாசப் படகும் ‘பைவெல் காஸில்’ என்ற சரக்குக் கப்பலும் மோதி 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். யார் எந்தப் பக்கம் கடப்பது என்பதில் இரு தரப்பும் ஒன்றையொன்று தவறாக எண்ணிக்கொண்டதே அங்கே உயிர்களைக் குடித்தது. ‘இருவரும் வலப்புறம்’ என்ற மூன்றெழுத்தளவு எளிமைக்குப் பின்னால் இத்தனை ஜனாஸாக்கள் இருக்கின்றன.

5. குறுக்கே வந்தால், வலப்பக்கம் மற்றவரைக் காண்பவர் வழிவிடு. இரண்டு எஞ்சின் படகுகளின் வழிகள் குறுக்கிட்டால், தன் வலப்பக்கத்தில் மற்றதைக் காணும் படகு ஒதுங்க வேண்டும். முன்னால் பாய்ந்து கடக்காமல், வேகத்தைக் குறைத்து அதன் பின்பக்கமாகப் போக வேண்டும்.

6. முந்துபவர்தான் விலகிப் போக வேண்டும். பின்னால் வந்து முந்துகிறவர் யாராயிருந்தாலும், முன்னே போகிறவருக்கு இடைஞ்சல் இல்லாமல் விலகிச் செல்லும் பொறுப்பு அவருடையது. முழுதாகத் தாண்டி விலகும்வரை அந்தப் பொறுப்பு நீங்காது. குறுகலான இடத்தில் பெரிய கப்பல் சிறியதை ஒட்டி முந்தினால், இரண்டுக்கும் நடுவே தண்ணீர் வேகமாக ஓடி, சிறியதைப் பெரியதை நோக்கி இழுத்துவிடும். புடாபெஸ்ட் விபத்தை நினைவில் வையுங்கள்.

7. குறுகலான வழியில் வலக்கரையை ஒட்டிப் போ. வளைவில் ஒலி எழுப்பு. ஆலப்புழை போன்ற கால்வாய்களில் இது முக்கியம். எதிரே வருவது தெரியாத வளைவில் ஒரு நீண்ட ஹாரன் அடிக்க வேண்டும். அப்பால் இருப்பவர் அதே போல ஒரு நீண்ட ஹாரனால் பதில் சொல்ல வேண்டும். சிறிய படகுகளுக்கும் கடமை உண்டு. ஆழமான நடுவழியை விட்டு விலக முடியாத பெரிய படகுக்கு 20 மீட்டருக்குக் குறைந்த சிறு படகு இடையூறு செய்யக்கூடாது.

ஓடும் ஆற்றில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நீரோட்டத்தோடு கீழே வரும் படகை நிறுத்துவது கடினம். எதிர்த்து ஏறும் படகை நிறுத்துவது எளிது. அமெரிக்காவின் உள்நாட்டு விதிகளில், குறிப்பிட்ட பெரிய ஆறுகளில் கீழ்நோக்கி வருபவருக்கே முன்னுரிமை தரப்பட்டிருக்கிறது. எவரால் நிற்க முடியுமோ அவரே நிற்க வேண்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது.

8. இயலாதவருக்கு இயன்றவர் வழிவிடு. பொதுவாக எஞ்சின் படகு பாய்மரப் படகுக்கும், வலை விரித்து மீன்பிடிக்கும் படகுக்கும், பழுதாகிக் கட்டுப்பாட்டை இழந்த படகுக்கும் வழிவிட வேண்டும். பலம் அதிகம் உள்ளவர்மேல் பொறுப்பும் அதிகம்.

ஒலியும் விளக்கும்

ஒன்றையொன்று பார்க்கும் தூரத்தில் எஞ்சின் படகுகள் அடிக்கும் ஹாரனுக்கு ஒரு மொழி உண்டு. சுமார் ஒரு நொடி நீளும் குறுகிய ஹாரன் ஒன்று: ‘வலப்புறம் திரும்புகிறேன்.’ இரண்டு: ‘இடப்புறம் திரும்புகிறேன்.’ மூன்று: ‘எஞ்சினைப் பின்னோக்கி இயக்குகிறேன்.’ ஐந்தோ அதற்கு மேலோ வேகவேகமாக அடித்தால்: ‘நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை, மோதல் வரலாம்.’ மூடுபனியில் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் படகு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையாவது ஒரு நீண்ட ஹாரன் அடிக்க வேண்டும்.

இரவில் படகின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்பக்கம் வெள்ளை விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் படகுக்கு முன்நோக்கி உயரத்தில் இன்னொரு வெள்ளை விளக்கும் உண்டு. எதிரில் சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் அது நேராக நம்மை நோக்கி வருகிறது. நம் வலப்பக்கத்தில் இன்னொரு படகின் சிவப்பு தெரிந்தால் அது நமக்குக் குறுக்கே வருகிறது. நாம்தான் வழிவிட வேண்டும். நம் இடப்பக்கத்தில் பச்சை தெரிந்தால் வழிவிடுவது அவர் பொறுப்பு. சாலை சிக்னலில் சிவப்புக்கு நிற்பது போல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் மறக்காது. துடுப்புப் போடும் சிறு படகில்கூட, வேறு விளக்கு இல்லையென்றால் ஒரு டார்ச்சாவது கைக்கெட்டும் இடத்தில் இருந்தாக வேண்டும்.

விதியின் உயிர் எங்கே இருக்கிறது

மேற்சொன்ன விதிகளை எல்லாம் மறந்தாலும் ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. அது ‘வழிவிடும் படகு’, ‘தன் வழியே தொடரும் படகு’ என்ற இரண்டின் கடமை.

வழிவிடுபவர் செய்ய வேண்டியது: நேரத்தோடு செய்ய வேண்டும், தாராளமாகச் செய்ய வேண்டும், எதிரில் இருப்பவருக்குத் தெளிவாகத் தெரியும்படி செய்ய வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக நெளிந்து நெளிந்து திரும்பினால் எதிராளிக்குப் புரியாது.

தொடர்பவர் செய்ய வேண்டியது: தன் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் போக வேண்டும். அவர் திடீரென மாற்றினால் வழிவிடுபவரின் கணக்கு தப்பிவிடும். எனவே நேராகப் போவதும் அவருக்குச் சலுகை அல்ல, கடமைதான்.

வழிவிட வேண்டியவர் விடவில்லை என்றால்? ‘முறை என் பக்கம்’ என்று தொடர்பவர் போய்க்கொண்டே இருக்கலாமா? கூடாது. மற்றவர் விதிப்படி நடக்கவில்லை என்று தெரிந்தவுடன் அவர் தானாக விலகலாம். மற்றவர் மட்டும் முயன்று மோதலைத் தவிர்க்க முடியாது என்ற நிலை வந்தால் அவரும் விலகியே ஆக வேண்டும். மோதுவதற்கான உரிமையை விதி யாருக்கும் தரவில்லை. கண்ணெதிரே ஆபத்து நிற்கும்போது, அதைத் தவிர்க்க விதியிலிருந்து விலக வேண்டியிருந்தால் விலக வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன.

புகாரியில் நுஃமான் பின் பஷீர் (ரலி) அறிவிக்கும் கப்பல் உவமை நம்மில் பலருக்குத் தெரியும். மேல்தளத்தில் சிலரும் கீழ்த்தளத்தில் சிலரும் பயணம் செய்கிறார்கள். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காகத் தங்கள் பகுதியில் ஓட்டை போட நினைக்கிறார்கள். மேலே இருப்பவர்கள் ‘அது அவர்கள் பகுதி’ என்று விட்டுவிட்டால் எல்லோரும் அழிவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் தப்புவார்கள் என்பதே நபி (ஸல்) அவர்கள் சொன்னதின் கருத்து. மற்றவரின் தவறைக் கண்டும் நம் உரிமையோடு நாம் உட்கார்ந்திருக்கலாகாது என்று அங்கே கற்கிறோம். கடல்வழி விதியும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது.

நம் முன்னோர் கடலை அறியாதவர்கள் அல்லர். படகைத் திருப்பும் ‘சுக்கான்’ அரபிச் சொல். ‘மாலுமி’ என்பதும் ஆசிரியரைக் குறிக்கும் ‘முஅல்லிம்’ என்ற அரபிச் சொல்லிலிருந்து வந்தது என்பர். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அஹ்மத் இப்னு மாஜித் இந்தியப் பெருங்கடலின் வழிகளைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். கப்பல் ஓட்டுவதைக் கற்றுத் தேர வேண்டிய கல்வியாக மதித்த மரபு அது. ‘எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான்’ என்று சுக்கானை விட்டுவிடுவது தவக்குல் ஆகாது.

பயணியாக நாம் செய்ய வேண்டியவை

விதி தெரிந்த படகோட்டி இருந்தாலும், படகு திரும்ப வேண்டுமே! அளவுக்கு மேல் ஆள் ஏறிய படகு சட்டென்று திரும்பினால் சாய்ந்துவிடும். மோதலைத் தவிர்க்கத் திரும்புவதா, கவிழாமல் இருக்க நேராகப் போவதா என்ற இக்கட்டில் படகோட்டியை நிறுத்துவது நம் கூட்டம்தான்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். அதில் தமிழகத்திலிருந்து சென்றவர்களும் இருந்தனர். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் இருட்டிய நேரத்தில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அவர்களில் பலர் ஒரே குடும்பத்தினர், பலர் குழந்தைகள். 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வதோதராவில் ஹர்ணி ஏரியில் சுற்றுலா வந்த 12 பள்ளிப் பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் மூழ்கினர். இவை மோதல்கள் அல்ல. ஆனால் மோதலைத் தவிர்க்க ஒரு படகுக்குத் தேவையான நிதானம் எவ்வளவு எளிதில் பறிபோகும் என்பதை இவை காட்டுகின்றன.

ஆகவே:

• ஏறும் முன் கேளுங்கள்: “அண்ணே, இதில் எத்தனை பேர் ஏறலாம்?” படகில் அந்த எண் எழுதியிருக்கிறதா பாருங்கள். மடியில் உட்காரும் குழந்தையையும் ஓர் ஆளாக எண்ணுங்கள்.

• உயிர்காப்பு அங்கியைப் படகு கிளம்பும் முன்பே அணியுங்கள். சீட்டுக்கு அடியில் கிடக்கும் அங்கி, மோதும்போது உதவாது. புர்கா, அபாயா அணியும் சகோதரிகள் அதன் மேலேயே அங்கியை அணிந்து எல்லா வார்களையும் இறுக்கிக் கட்ட வேண்டும். பெரியவர்களின் அங்கி குழந்தையின் தலை வழியே கழன்றுவிடும். குழந்தையின் அளவுக்கு இல்லையென்றால் குழந்தையை ஏற்றாதீர்கள்.

• இரு பக்கமும் சமமாக உட்காருங்கள். யானை தெரிகிறது, பறவை தெரிகிறது என்று எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடக்கூடாது.

• படகோட்டிக்கு எதிரே நின்று அவர் பார்வையை மறைக்காதீர்கள். பேச்சுக் கொடுக்காதீர்கள். “அந்தப் படகை முந்துங்கள்”, “கிட்டே போங்கள், கையாட்டலாம்” என்று இளைஞர்கள் உசுப்பிவிடுவது பெரிய ஆபத்து. நாம் தரும் கூடுதல் நூறு ரூபாயில் அவர் விதியை மீறக்கூடும்.

• சூரியன் மறையுமுன் கரை திரும்பும்படி புறப்படுங்கள். விளக்கில்லாத படகில் மஃரிபுக்குப் பின் ஏறாதீர்கள்.

• வேறொரு படகு அதே திசையில் நெருங்கி வருவதைக் கண்டால் படகோட்டியிடம் உடனே சொல்லுங்கள். அவர் பார்த்திருந்தால் நஷ்டமில்லை; பார்க்காதிருந்தால் உங்கள் ஒரு சொல் எல்லோருக்கும் உதவும்.

• மோதல் தவிர்க்க முடியாது என்று தோன்றினால் எழாமல் உட்கார்ந்து, கை கால்களை உள்ளே இழுத்து, உறுதியான கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு படகுகளின் நடுவே கையையோ காலையோ நீட்டித் தள்ள முயலக் கூடாது. உதவிக்கு அழைக்க 112. கடலில் என்றால் கடலோரக் காவல்படை 1554.

புங்கனூர் ஏரியின் பெடல் படகுகளுக்கும் இது பொருந்தும். விளையாட்டாக இடித்துக்கொள்வதுதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அங்கேயே ‘எதிரே வந்தால் வலப்புறம்’ என்று பழக்கினால், ஏரி ஒரு வகுப்பறையாகிவிடும்.

அழைத்துச் செல்பவர்களுக்கு ஒரு சொல்

நம் பகுதியில் சுற்றுலா என்றால் வேன் நிறையப் போவதுதான் வழக்கம். மாமூ வீட்டார், காலா வீட்டார், பக்கத்து வீட்டார் என்று முப்பது பேர் கிளம்புவோம். படகுத்துறையில் ‘எல்லோரும் ஒரே படகில்’ என்று ஆசைப்படுவோம். அந்த ஆசைதான் இடர். இரண்டு படகாகப் பிரியுங்கள். காத்திருக்க வேண்டுமென்றால் காத்திருங்கள். கூடுதல் டிக்கெட்டுக்கு ஆகும் பணத்தை வீண் செலவாக நினைக்காதீர்கள்.

மதரஸாப் பிள்ளைகளையோ பள்ளிப் பிள்ளைகளையோ தொழிற்சாலைத் தோழர்களையோ அழைத்துச் செல்பவர் கையில் இருப்பது அமானத். எங்கள் அறக்கட்டளை ஏற்பாடு செய்யும் பயணங்களில், பெயர்ப்பட்டியலின் ஒரு பிரதி கரையில் ஒருவரிடம் இருக்க வேண்டும், அங்கி இல்லாத படகில் யாரும் ஏறக்கூடாது, பொறுப்பாளர் ‘வேண்டாம்’ என்றால் அதற்கு மேல் பேச்சில்லை என்ற மூன்றையும் கடைப்பிடிக்கிறோம். மற்ற ஜமாஅத்துகளும் ஏற்றுக்கொண்டால் மகிழ்வோம்.

வீட்டில் கலந்து பேச

1. இரவில் நம் படகின் வலப்பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு தெரிகிறது. யார் வழிவிடுவது? (நம் படகுதான். அதன் பின்பக்கமாகப் போக வேண்டும்.)

2. எதிரே சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிகின்றன. என்ன செய்வது? (நேருக்கு நேர் வருகிறது. இரண்டு படகும் தத்தம் வலப்புறம் திரும்ப வேண்டும்.)

3. தூரத்துப் படகு கைப்பிடிக் கம்பியின் அதே இடத்தில் நின்றபடி பெரிதாகிறது. பொருள் என்ன? (மோதல் அபாயம். படகோட்டிக்குச் சொல்ல வேண்டும்.)

4. ஐந்து குறுகிய ஹாரன் கேட்கிறது. நாம் என்ன செய்வது? (உட்கார்ந்து, அங்கியின் வார்களைச் சரிபார்த்து, கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.)

5. முறை நம் பக்கம், எதிராளி ஒதுங்கவில்லை. நேராகப் போய்க்கொண்டே இருக்கலாமா? (கூடாது. மோதும் உரிமை யாருக்கும் இல்லை.)

ஐந்தாவது கேள்வியைப் படகோடு மட்டும் நிறுத்த வேண்டாம். ஆம்பூர் கடைத்தெருவில் எதிரெதிரே வந்து நிற்கும் இரண்டு ஆட்டோவுக்கும், பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு சகோதரர்களுக்கும் அதே பதில்தான்.

படகில் கால் வைக்கும்போது, ஹூத் அத்தியாயத்தில் நூஹ் (அலை) கப்பலில் ஏறுகையில் சொன்ன வார்த்தைகளை ஓதுங்கள், பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள். ஓதிவிட்டு அங்கியின் வாரை இறுக்கிக் கட்டுங்கள். நம் பிள்ளைகள் போகும் எல்லா வழிகளையும் அல்லாஹ் பாதுகாப்பான வழிகளாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.

செயலாளர்